இன்ட்ராடே வர்த்தகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளும் ஒரு கணக்கரின் பதில்களும்

ஈரோட்டில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். ஜூன், ஜூலை வந்தால் வருமான வரிக்காகப் பங்குச் சந்தை கணக்குகளைக் கொண்டுவருகிறவர்கள் கூட்டம் ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறது. 2017 முதல் 2020 வரை நானும் இன்ட்ராடே செய்தவன். மேசைக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்து தம்பிகளும் அக்காமார்களும் கேட்கும் கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

இன்ட்ராடே என்றால் என்ன? டே டிரேடிங் என்பதும் அதுவும் ஒன்றா?

ஒன்றுதான். ஒரு பங்கை வாங்கி, அன்றைக்குச் சந்தை மூடுவதற்குள் விற்றுக் கணக்கை முடித்துவிடுவது. முதலில் விற்றுவிட்டு அப்புறம் வாங்குவதும் இதில் உண்டு. எப்படியானாலும் சாயங்காலம் உங்கள் பெயரில் ஒரு பங்கும் இருக்காது. பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் டிமேட் கணக்குக்குள் அது வருவதே இல்லை. வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் பணமாக வரும், அல்லது போகும்.

வாங்கி வைத்துக்கொள்வதை டெலிவரி என்பார்கள். அதில் பங்கு அடுத்த வேலை நாள் உங்கள் டிமேட்டுக்கு வந்துவிடும். 2023 ஜனவரி 27 முதல் இந்தியாவில் எல்லாப் பங்குகளுக்கும் இதே நடைமுறைதான். டெலிவரியில் வாங்கியவர் அந்தக் கம்பெனியில் பங்காளி. டிவிடெண்ட் வரும், போனஸ் வரும், நல்லது கெட்டது எல்லாம் சேரும். இன்ட்ராடே செய்பவர் தக்காளி மண்டியில் காலையில் சரக்கு எடுத்து மத்தியானத்துக்குள் தள்ளிவிடும் ஆளைப் போல. தோட்டம் யாருடையது, அடுத்த வருடம் விளைச்சல் எப்படி இருக்கும் என்பதெல்லாம் அவருக்கு வேண்டாத விஷயம். இன்றைக்குப் பெட்டி என்ன விலை, பத்து மணிக்கு என்ன விலை ஆகும், அவ்வளவுதான்.

இது கைபேசி ஆப்போடு பிறந்த தொழிலும் இல்லை. 1994ல் தேசியப் பங்குச் சந்தை திரையில் வியாபாரத்தைத் தொடங்கும்வரை, மும்பையில் தரகர்கள் ஒரே கூடத்தில் நின்று கூவித்தான் வாங்கி விற்றார்கள். அங்கே ஜாபர் என்று ஒரு வகை ஆட்கள் இருந்தார்கள். வாங்கும் விலை, விற்கும் விலை இரண்டையும் சொல்லிக்கொண்டே நிற்பார்கள். நடுவில் உள்ள பைசாதான் அவர்கள் வருமானம். வீட்டுக்குப் போகும்போது கை காலியாக இருக்கும்படி பார்த்துக்கொள்வார்கள். வித்தியாசம் என்னவென்றால், அவர் கூடத்துக்குள் நின்று எதிராளியின் முகத்தைப் பார்த்தார். நாம் ஆபீஸ் கழிவறையில் நின்றுகொண்டு பார்க்கிறோம்.

ஒரு நாள் எப்படி ஓடும்?

சந்தை காலை 9:15க்குத் திறந்து மாலை 3:30க்கு மூடும். 9 மணியிலிருந்து கால் மணி நேரம் முன்திறப்பு. அதில் முதல் சில நிமிடங்களில் வரும் ஆர்டர்களை வைத்துத் தொடக்க விலை முடிவாகும்.

முதல் அரை மணி நேரம் ஒரே அமளி. இரவு அமெரிக்காவில் நடந்தது, காலையில் வந்த செய்தி, நேற்று மாட்டிக்கொண்டவர்களின் அவசரம் எல்லாம் அந்த நேரத்தில் கொட்டும். புதிதாக வருகிறவர்களின் நஷ்டத்தில் பெரும்பங்கு 9:15க்கும் 9:45க்கும் நடுவில்தான் நிகழ்கிறது என்பது நான் பார்த்த கணக்குகளிலிருந்து தெரிந்தது. பதினொன்றரைக்கு மேல் சந்தை தூங்கி வழியும். சலிப்பில் தேவையில்லாமல் வாங்குவதும் அந்த நேரத்தில்தான். மதியத்துக்கு மேல் லண்டன் சந்தை திறந்ததும் மறுபடி உயிர் வரும்.

மூன்று மணிக்கு மேல் இன்னொரு விஷயம். நீங்கள் முடிக்காமல் விட்ட இன்ட்ராடே கணக்கை புரோக்கரே 3:15, 3:20 வாக்கில் முடித்துவிடுவார். ஸ்கொயர் ஆஃப் என்று பெயர். பல புரோக்கர்கள் அதற்கும் தனிக் கட்டணம் போடுவார்கள். என்ன விலை கிடைக்கிறதோ அதுதான். "இன்னும் பத்து நிமிடம் பொறுங்கள்" என்று யாரிடமும் கேட்க முடியாது.

கையில் இல்லாத பங்கை விற்கலாம் என்கிறார்களே, அது எப்படி?

ஷார்ட் அடிப்பது என்பார்கள். விலை இறங்கும் என்று தோன்றினால் முதலில் விற்று, இறங்கியதும் வாங்கிக் கொடுத்துவிடுவது. 500 ரூபாய்க்கு விற்று 490க்கு வாங்கினால் பங்குக்குப் பத்து ரூபாய் லாபம். அதே நாளில் முடித்தால் சட்டப்படி சரியானதுதான்.

ஆனால் வாங்கிய பங்கு அதிகபட்சம் பூஜ்யம்வரைதான் இறங்கும். விற்ற பங்கு ஏறுவதற்குக் கூரை கிடையாது. சிறிய பங்குகளில் இன்னொரு கண்ணியும் உண்டு. பல பங்குகளுக்கு ஒரு நாளில் இத்தனை சதவீதத்துக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது என்று 2, 5, 10, 20 என வரம்பு இருக்கிறது. அதைச் சர்க்யூட் என்பார்கள். 2018ல் ஒரு சின்னப் பங்கு, முந்தைய நாள் விலை 80. அது 84க்கு ஏறியதும் "இதற்கு மேல் எங்கே போகப்போகிறது" என்று 300 பங்கு ஷார்ட் அடித்தேன். ஒன்றரை மணிக்கு 88ல் பூட்டிக்கொண்டது, அதாவது 10 சதவீத மேல் சர்க்யூட். திரையில் வாங்க ஆயிரக்கணக்கான பங்குக்கு வரிசை, விற்க ஒருவரும் இல்லை. நான் அந்த வரிசையின் வாலில் நின்றுகொண்டு மூன்றரைவரை பார்த்துக்கொண்டே இருந்தேன். முடியவில்லை.

அப்படி முடியாமல் போனால், நீங்கள் விற்ற பங்கை எக்ஸ்சேஞ்ச், அதாவது பங்குச் சந்தை, ஏலத்தில் வாங்கி எதிராளிக்குக் கொடுத்துவிடும். வித்தியாசம் உங்கள் தலையில். எனக்கு 95 ரூபாய்க்குக் கிடைத்தது. பங்குக்கு 11 ரூபாய் வீதம் 3,300 நஷ்டம், கட்டணங்கள் தனி. இப்போது பெரும்பாலான புரோக்கர்கள் இந்த மாதிரிப் பங்குகளில் இன்ட்ராடேவையே அனுமதிப்பதில்லை. நல்ல காரியம்.

20,000 ரூபாய் போட்டால் ஒரு லட்சத்துக்கு வாங்கலாமாமே?

வாங்கலாம். அதை மார்ஜின் அல்லது லெவரேஜ் என்பார்கள். மொத்த மதிப்பில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு உங்கள் பணம் இருக்க வேண்டும் என்பது இப்போதைய ஏற்பாடு. நான் செய்த காலத்தில் பத்து, இருபது மடங்கெல்லாம் கொடுத்தார்கள். 2020 டிசம்பரில் தொடங்கி 2021 செப்டம்பருக்குள் படிப்படியாக, சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி அதை இறுக்கிவிட்டது.

ஐந்து மடங்கு என்பதே போதுமான ஆபத்து. ஒரு லட்சம் ரூபாய்ப் பங்கு 2 சதவீதம் இறங்குவது ஒரு சாதாரண நாளில் நடக்கக்கூடிய விஷயம். அந்த 2,000 ரூபாய் உங்கள் 20,000த்தில் பத்தில் ஒரு பங்கு. பத்து தடவை தொடர்ந்து அப்படி ஆனால் என்ன என்று கேட்காதீர்கள். பத்துவரை யாரும் தாக்குப்பிடிப்பதில்லை. மூன்றாவது தடவையே மனது கலங்கி, நான்காவதில் தாறுமாறாக ஏதாவது செய்துவிடுவோம். பாதிப் பணம் போய்விட்டால் மீதியை இரட்டிப்பாக்கினால்தான் பழைய இடத்துக்கு வர முடியும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

புரோக்கரேஜ் வெறும் 20 ரூபாய்தானே, அதில் என்ன பெரிய செலவு?

இந்தக் கேள்விக்குத்தான் நான் உட்கார்ந்து பேனாவை எடுப்பேன். கான்ட்ராக்ட் நோட் என்று, வாங்கியது விற்றது கட்டணம் எல்லாம் காட்டும் சீட்டு ஒன்று, வியாபாரம் நடந்த 24 மணி நேரத்துக்குள் உங்கள் மின்னஞ்சலுக்கு வந்துவிடும். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் அதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

500 ரூபாய்ப் பங்கு 200 வாங்குகிறீர்கள், ஒரு லட்சம். 501க்கு விற்கிறீர்கள். திரையில் 200 ரூபாய் லாபம் என்று பச்சையில் காட்டும். இனி கழிக்கத் தொடங்குவோம். புரோக்கரேஜ் வாங்கும்போது 20, விற்கும்போது 20. பங்குப் பரிவர்த்தனை வரி, அதாவது எஸ்.டி.டி., இன்ட்ராடேவில் விற்கும் தொகையில் 0.025 சதவீதம், 25 ரூபாய். எக்ஸ்சேஞ்ச் கட்டணம் இரண்டு பக்கமும் சேர்த்து சுமார் 6 ரூபாய். முத்திரைத் தீர்வை வாங்கும் பக்கம் 0.003 சதவீதம், 3 ரூபாய். செபிக்குச் சில பைசா. புரோக்கரேஜுக்கும் இந்தக் கட்டணங்களுக்கும் சேர்த்து 18 சதவீத ஜி.எஸ்.டி., 8 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். கூட்டினால் சுமார் 82 ரூபாய் 50 பைசா. இருநூறில் கைக்கு வந்தது 117.

பங்கு 41 பைசா ஏறினால்தான் உங்கள் அசலே திரும்பும். சரி, 41 பைசா ஒரு விஷயமா என்றால், ஒரு தடவைக்கு இல்லைதான். ஆனால் இன்ட்ராடே செய்கிறவர் ஒரு தடவையோடு நிற்பதில்லையே. நாளைக்கு நான்கு தடவை, மாதத்துக்கு இருபது நாள் என்றால் எண்பது தடவை; 6,600 ரூபாய். உங்கள் சொந்தப் பணம் எவ்வளவு? 20,000. லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை, எல்லாமே சரிசமமாக முடிந்தது என்று வைத்துக்கொண்டாலும் ஒரே மாதத்தில் உங்கள் முதலில் மூன்றில் ஒரு பங்கு கரைந்திருக்கும். நாளைக்குப் பத்து தடவை என்றால் 16,500. தண்டல்காரர்கூட இவ்வளவு வாங்க மாட்டார்.

கடனும் சேர்ந்த ஒரு லட்சத்தின் மேல் செலவு கணக்காகிறது, அது கழிவதோ உங்கள் இருபதாயிரத்திலிருந்து. லெவரேஜ் என்பது நஷ்டத்தைப் பெரிதாக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். செலவையும் அதே அளவு பெரிதாக்கும் என்று யாரும் சொல்வதில்லை.

எத்தனை பேர் உண்மையில் சம்பாதிக்கிறார்கள்?

செபி 2024 ஜூலையில் வெளியிட்ட ஆய்வு பங்கு இன்ட்ராடே பற்றியது. 2022-23 நிதியாண்டில் இன்ட்ராடே செய்த தனிநபர்களில் பத்துக்கு ஏழு பேர் நஷ்டம். ஆண்டுக்கு 500 தடவைக்கு மேல் செய்தவர்களில் பத்துக்கு எட்டு பேர் நஷ்டம். அதாவது கூடுதலாகச் செய்யச் செய்ய அனுபவம் வரும், கை தேறும் என்று நாம் நினைப்பதற்கு நேர்மாறாக இருக்கிறது. நஷ்டப்பட்டவர்கள் அந்த நஷ்டத்துக்கு மேல் இன்னொரு 57 சதவீதத்தைச் செலவுகளாகக் கட்டியிருக்கிறார்கள். மேலே நான் போட்ட கணக்கு அங்கே நாடு முழுவதும் நடந்திருக்கிறது.

அதே ஆய்வில் என் வயிற்றைக் கலக்கியது வேறொரு எண். முப்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களின் பங்கு 2018-19ல் 18 சதவீதம். நான்கே ஆண்டில் 48. எங்கள் அலுவலகத்துக்கு ஃபைலோடு வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தே இதைச் சொல்லியிருப்பேன்.

வெளிநாட்டிலும் கதை இதேதான். தைவானில் பல ஆண்டுத் தரவை அலசியவர்கள், செலவு போகத் தொடர்ந்து லாபம் எடுப்பவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை என்று கண்டார்கள். பிரேசிலில் குறியீட்டு எதிர்கால ஒப்பந்தங்களில் (சந்தைக் குறியீட்டுக்குப் பின்னொரு தேதிக்கான விலையை இன்றே பேசிக்கொள்வது) 300 நாட்களுக்கு மேல் விடாமல் செய்தவர்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தபோது 97 சதவீதம் நஷ்டம். அந்நாட்டுக் குறைந்தபட்சக் கூலிக்கு மேல் சம்பாதித்தவர்கள் 1.1 சதவீதம்.

அப்படியானால் சம்பாதிக்கிறவர்களே இல்லையா? இருக்கிறார்கள். என் மேசைக்கு வருகிறவர்களிலும் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் ஜவுளி வியாபாரி, வாரத்துக்கு மூன்று தடவைக்கு மேல் கை வைக்க மாட்டார். இன்னொருவர் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், ஒரே ஒரு பங்கை மட்டும் ஆறு வருடமாகப் பார்க்கிறார். இருவரும் யாருக்கும் வகுப்பு எடுப்பதில்லை.

எனக்கு எதிரே உட்கார்ந்து விற்பவர் யார்?

உங்களைப் போல இன்னொருவராக இருக்கலாம். எக்ஸ்சேஞ்சின் கட்டடத்துக்குள்ளேயே கம்ப்யூட்டரை வைத்திருக்கும் ஒரு நிறுவனமாகவும் இருக்கலாம். உங்கள் திரையில் விலை மாறுவதற்கு முன்பே அதன் ஆர்டர் போய் முடிந்திருக்கும். எதிர்கால ஒப்பந்தம், ஆப்ஷன் (பின்னால் இன்ன விலைக்கு வாங்கவோ விற்கவோ உள்ள உரிமை) சந்தையைப் பற்றி 2024 செப்டம்பரில் வந்த செபி ஆய்வு, அங்கே சொந்தப் பணத்தில் விளையாடும் நிறுவனங்களின் லாபத்தில் 96 சதவீதமும், வெளிநாட்டு நிதி நிறுவனங்களின் லாபத்தில் 97 சதவீதமும் அல்கோ, அதாவது தானாக ஆர்டர் போடும் கணினி நிரல், மூலம் வந்தவை என்கிறது. வேகத்தில் அவர்களோடு போட்டி போட முடியாது என்பதை ஏற்றுக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும்.

ஸ்டாப் லாஸ் போட்டுவிட்டால் பயமில்லை, அப்படித்தானே?

போடாமல் இருப்பதைவிட ஆயிரம் மடங்கு மேல். 500க்கு வாங்கியவர் 497.50க்கு ஸ்டாப் லாஸ் வைத்தால், விலை அந்த இடத்தைத் தொட்டதும் விற்பனை ஆர்டர் தானாகப் புறப்படும். புறப்படும் என்றுதான் சொன்னேன், அந்த விலையிலேயே விற்கும் என்று சொல்லவில்லை. சந்தை சரசரவென்று இறங்கும்போது 497.50ல் வாங்க ஆளே இருக்க மாட்டார்கள். 495லோ 492லோதான் அடுத்த ஆள் நிற்பார். 'இந்த விலைக்குக் கீழே விற்காதே' என்று வரம்பும் சேர்த்துப் போட்டிருந்தால் விற்காமலே தொங்கிக்கொண்டிருக்கும்.

2020 மார்ச் 13, வெள்ளிக்கிழமை. கொரோனா பயத்தில் உலகமே விற்றுக்கொண்டிருந்த வாரம். முந்தைய நாள் 9,590ல் முடிந்த நிஃப்டி, அதாவது தேசியப் பங்குச் சந்தையின் 50 பெரிய பங்குகளின் குறியீடு, திறந்த சில நிமிடங்களில் 10 சதவீதம் விழுந்து, சந்தையே 45 நிமிடம் நிறுத்தப்பட்டது. காலையில் 8,600க்குக் கீழேகூடப் போனது. அன்று மாலை எங்கே முடிந்தது தெரியுமா? 9,955. விழுந்ததெல்லாம் திரும்பி, மேலும் ஏறியிருந்தது. காலையில் ஸ்டாப் லாஸ் அடித்து வெளியே வந்தவர்கள் அந்த நாளின் அடிமட்ட விலையில் விற்றிருந்தார்கள். அதற்காக அவர்கள் செய்தது தவறு என்று சொல்ல மாட்டேன். அடுத்து வந்த திங்கட்கிழமைகளில் அப்படித் திரும்பவில்லை. மார்ச் 23 அன்று நிஃப்டி ஒரே நாளில் 13 சதவீதம் விழுந்து அங்கேயே முடிந்தது.

இயந்திரக் கோளாறு என்று ஒன்றும் இருக்கிறது. 2021 பிப்ரவரி 24 அன்று 11:40க்குத் தேசியப் பங்குச் சந்தை தொழில்நுட்பக் கோளாறால் நின்றுவிட்டது. மறுபடி திறக்குமா என்று தெரியாமல் பல புரோக்கர்கள் இன்ட்ராடே கணக்குகளை மும்பைப் பங்குச் சந்தையில் முடித்தார்கள். அப்புறம் 3:45க்குத் திறந்து ஐந்து மணிவரை நடந்தது, அன்று நிஃப்டி 274 புள்ளி ஏறி முடிந்தது. இதையெல்லாம் எந்த ஸ்டாப் லாஸும் காப்பாற்றாது. ஒரே தடவையில் எவ்வளவு பணத்தை வைக்கிறோம் என்பதுதான் அங்கே உதவும்.

எவ்வளவு வைக்க வேண்டும் என்று எப்படி முடிவு செய்வது?

பின்னாலிருந்து கணக்குப் போட வேண்டும். மொத்தம் 50,000 இருக்கிறது. ஒரு தடவையில் போனால் ஒரு சதவீதம், அதாவது 500 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங்கும் விலைக்கும் ஸ்டாப் லாஸுக்கும் இரண்டரை ரூபாய் இடைவெளி. 500ஐ இரண்டரையால் வகுத்தால் 200 பங்கு. அதற்கு மேல் ஒன்றும் வாங்கக் கூடாது. "கையில் இவ்வளவு மார்ஜின் மிச்சம் இருக்கிறதே" என்று வாங்குகிறவர்கள் கணக்கைத் தலைகீழாகப் போடுகிறார்கள்.

நஷ்டத்தில் இருந்தால் டெலிவரியாக மாற்றி வைத்துக்கொள்ளலாமே?

முழுப் பணமும் இருந்தால் ஆப்பில் ஒரே பட்டன். அந்த பட்டன்தான் வில்லங்கம். காலையில் "இன்றைக்கு இரண்டு ரூபாய் ஏறும்" என்று வாங்கிய பங்கு, மதியம் பத்து ரூபாய் இறங்கியதும் "நீண்ட கால முதலீடு" ஆகிவிடும். அந்தக் கம்பெனி என்ன தயாரிக்கிறது என்றுகூடச் சொல்லத் தெரியாமல் மூன்று வருடமாக வைத்திருப்பவர்கள் என் ஃபைல்களில் நிறையப் பேர். லாபம் வந்தால் அன்றே விற்றுவிடுகிறோம், நஷ்டம் வந்ததை மட்டும் வைத்துக்கொள்கிறோம். கடைசியில் டிமேட் முழுக்க ஊசிப்போன சரக்குதான் நிற்கும்.

இதன் அண்ணன் ஆவரேஜ் செய்வது. 500க்கு வாங்கியது 490 ஆனதும் இன்னொரு 200, 480ல் இன்னொரு 200. அடக்க விலை குறைகிறது என்று மனது சமாதானமாகும். தவறாகப் போன ஒரு முடிவில் மூன்று மடங்கு பணத்தைக் கட்டியிருக்கிறோம் என்பது 3:20க்கு ஸ்கொயர் ஆஃப் ஆகும்போது தெரியும்.

சார்ட் படிக்கக் கற்றுக்கொண்டால் முடியுமா? வகுப்புக்கு 40,000 கேட்கிறார்கள்.

கேண்டில், மூவிங் ஆவரேஜ், ஆதரவு நிலை, தடை நிலை என்று விலை வரைபடத்தில் பார்ப்பதெல்லாம் ஒரு மாதத்தில் இலவசமாகவே கற்கலாம். கற்பது கஷ்டமில்லை. எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பவரும் அதே கோட்டைத்தான் பார்க்கிறார் என்பதுதான் சிக்கல். வகுப்பு எடுப்பவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: கடந்த மூன்று வருட வருமான வரி ரிட்டர்னில் வியாபார வருமானம் எவ்வளவு, கட்டண வருமானம் எவ்வளவு? பதில் சொல்லாவிட்டாலும் அவர் முகம் சொல்லும்.

வெறுமனே பாடம் நடத்துகிறவர்கள், பதிவு பெற்ற ஆலோசகர் இல்லையென்றால், கடந்த மூன்று மாத விலையை வைத்துப் பங்குப் பெயர் சொல்லிப் பேசக் கூடாது என்று 2025 ஜனவரியில் செபி சொல்லிவிட்டது. "லைவ் மார்க்கெட்டில் கற்றுத் தருகிறோம்" என்று விளம்பரம் வந்தால் அங்கேயே புரிந்துகொள்ளலாம்.

டெலிகிராம் குழுவில் வரும் டிப்ஸ்?

செபியில் பதிவு பெற்ற ஆய்வாளர் எண் இருக்கிறதா என்று செபி தளத்தில் பாருங்கள். எண்ணை யாரும் தட்டச்சு செய்துவிடலாம், அதனால் பெயரோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

பழைய தந்திரம் ஒன்று: ஆயிரம் பேரில் பாதிப்பேருக்கு "ஏறும்", மீதிப்பேருக்கு "இறங்கும்" என்று அனுப்புவது. சரியாக வந்த பாதியை மறுபடி இரண்டாகப் பிரிப்பது. நான்காவது நாள் அறுபது பேருக்கு அவர் தெய்வமாகத் தெரிவார். அந்த அறுபது பேரிடம்தான் கட்டணம் கேட்பார்.

"உங்கள் ஐ.டி.யும் பாஸ்வேர்டும் கொடுங்கள், லாபத்தில் பாதி பாதி" என்பவரிடம் பேச்சே வேண்டாம். ஆப்பில் லட்சக்கணக்கில் லாபம் காட்டுகிறது, எடுக்கப் போனால் முதலில் வரி கட்டச் சொல்கிறார்கள் என்று ஒரு பெண் வந்தார். அந்த ஆப்பே பொய். அவர் பணம் எந்தச் சந்தைக்கும் போகவில்லை. 1930க்கு அன்றே கூப்பிடச் சொன்னேன். சைபர் குற்றங்களுக்கான அரசு எண் அது, எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அவ்வளவு நல்லது.

நிஃப்டி ஆப்ஷனை ஒரே நாளில் வாங்கி விற்பதும் இன்ட்ராடேதானே?

பேச்சு வழக்கில் ஆமாம். அபாயத்தில் அது வேறு ஊர். 2021-22 முதல் மூன்று ஆண்டுகளில் எதிர்கால ஒப்பந்த, ஆப்ஷன் சந்தையில் இறங்கிய ஒரு கோடிக்கு மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் நஷ்டம், மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். இந்தப் பக்கத்தில் அதை நான் சேர்க்கவில்லை.

வரி எப்படி?

இன்ட்ராடே வருமானம் சட்டப்படி ஊக வணிக வருமானம். மூலதன ஆதாயம் கிடையாது, அதனால் அந்தச் சலுகை விகிதமெல்லாம் வராது. உங்கள் மற்ற வருமானத்தோடு சேர்ந்து எந்த அடுக்கில் வருகிறீர்களோ அந்த விகிதம். ஊக வணிக நஷ்டத்தை ஊக வணிக லாபத்தில் மட்டும்தான் கழிக்கலாம். சம்பளத்தில் கழிக்க முடியாது, டெலிவரியில் வந்த லாபத்திலும் முடியாது. கெடுவுக்குள் ரிட்டர்ன் போட்டால் நான்கு ஆண்டு வரை கொண்டுபோகலாம்.

சம்பளக்காரர்கள் செய்யும் வழக்கமான பிழை, "நஷ்டம்தானே, காட்ட என்ன இருக்கிறது" என்று எளிய படிவத்தைப் போட்டுவிடுவது. உங்கள் பரிவர்த்தனைகள் துறையின் கணினியில் ஏற்கனவே இருக்கின்றன. லாபமோ நஷ்டமோ, வியாபார வருமானத்துக்குரிய ஐ.டி.ஆர். 3 படிவம்தான் போட வேண்டும்.

நீங்கள் எவ்வளவு சம்பாதித்தீர்கள்?

இதைக் கேட்காமல் யாரும் எழுந்து போவதில்லை. நியாயமான கேள்வி.

அந்த மூன்று வருடமும் ஒரு நீளமான பேரேட்டு நோட்டில் எழுதி வைத்தேன். தேதி, பங்கு, வாங்கிய விலை, விற்ற விலை, செலவு, காரணம் என்று ஆறு கட்டம். மொத்தம் 902 வரி. அதில் 463 லாபம். செலவைக் கழிக்காமல் பார்த்தால் 41,300 ரூபாய் லாபம். இதை மனைவியிடம் காட்டி ஒருநாள் பெருமைப்பட்டுக்கொண்டேன். அவள் ஐந்தாவது கட்டத்தை விரலால் தொட்டு, "இதைக் கூட்டினீங்களா?" என்றாள். கூட்டினால் 67,900. ஆக 26,600 நஷ்டம்.

அன்றைக்கு இரவு ஆறாவது கட்டத்தை எண்ணினேன். காரணம் என்ற இடத்தில் ஒன்றுமே எழுதாமல் விட்ட வரிகள் 388. அவற்றின் லாபமும் நஷ்டமும் ஒன்றையொன்று தின்று ஏறக்குறைய பூஜ்யத்தில் நின்றன. அவற்றுக்காக நான் கட்டிய செலவு மட்டும் 29,000 ரூபாய்.